குங்குமம் இல்லாத முனை

மக்ளே,

வாயால் கூப்பிடுவது போலவே எழுதிவிட்டேன். கடிதம் என்றால் அன்புள்ள என்று ஆரம்பிக்க வேண்டும் என்று நாகர்கோவில் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித் தந்தார்கள். அந்தச் சொல்லை எழுத இன்று எனக்குத் துணிச்சல் வரவில்லை. நீ விசா காகிதங்களை வாங்கக் காலை ரயிலில் கொச்சிக்குப் போயிருக்கிறாய். சாயங்காலம் வந்துவிடுவாய். நாளைக் காலை நெடுமங்காட்டுக்காரர் வண்டி கொண்டுவந்து, விலை பேசிவைத்த லேத்தையும் டிரில் மெஷினையும் ஏற்றிக்கொண்டு போவார். மறுநாள் உனக்கு மஸ்கட் விமானம். எனக்கென்று இருப்பது இந்த ஒரு பகல்தான். அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல், உன் வேலை மேசையில் மரத்தூளை முந்தானையால் தட்டிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். நீ மலையாளத்தில் படித்தவன். நான் சொல்லிக்கொடுத்த தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். அது இன்றைக்கு நல்லதாகப் போயிற்று. எனக்கு அவமானமான இடங்களை ஓட்டமாகத் தாண்டிப் போக உன்னால் முடியாது.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் பயம் வந்து நான் எழுதுவதை நிறுத்திவிட்டாலும் இது உன்னிடம் வந்து சேரட்டும். உன் கை நடுங்கவில்லை. அன்றைக்கும் நடுங்கவில்லை, அதற்கு முன்பும் நடுங்கியதில்லை. அந்தப் பலாமரப் பேனாக்கள் நான் போட்ட துளையால் உடைந்தன. என் துளைகள் கோணலாக இருந்தன. கோணல் என்று தெரிந்தேதான் உன்னிடம் கொடுத்தேன். என் கை நடுங்குதா என்று நீ கேட்டபோது, ஆமாம் என்று நான் சொன்னது பொய். இந்த ஐந்தாறு வரியைச் சொல்ல எனக்கு ஒன்றரை வருஷம் ஆகியிருக்கிறது.

இனி நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அப்போது நீ கதவு, ஜன்னல் செய்யும் பட்டறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். நான் பழவங்காடியில் ஹோட்டல் அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். யாரோ மரத்தில் பேனா கடைவதை ஃபோனில் பார்த்துவிட்டு நாலைந்து நாள் பித்துப் பிடித்தவனாக அலைந்தாய். பட்டறையில் கழிவாகக் கிடந்த தேக்குத் துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவாய். துவைக்கிறவள் நான், என் கையில் சிம்பு ஏறும், திட்டுவேன். பிறகு எங்கிருந்தோ ஒரு பழைய குட்டி லேத் வந்தது, அதன் பின்னால் ஒரு டிரில் மெஷின் வந்தது. கரமனையில் இந்த வாடகை வீட்டின் பின்பக்கம், துணி காயப்போடுகிற ஷீட் கூரைக்குக் கீழே இரண்டையும் நிறுத்தினாய். என் துணிக்கொடி போயிற்று. முதல் பேனாவைக் கடைந்து என் உள்ளங்கையில் வைத்தபோது, இது எழுதுமா என்று கேட்டேன். "பின்னே, அரிவாளா அது? எழுதும்மா" என்றாய். அன்றைக்குப் பால் கணக்கை அந்தப் பேனாவில்தான் எழுதினேன். வருஷக்கணக்கில் ஈரத்தரையில் நின்று என் முழங்கால் போனபோது நீதான் ஹோட்டல் வேலையை விடச் சொன்னாய். "அம்மா, நீ எனக்குத் துளை போட்டுத் தா. அதுக்கு நிதானம் வேணும். எனக்கு அது இல்ல, உனக்கு உண்டு, கேட்டியா" என்று நீ சொன்னதை நான் எத்தனையோ தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

துளை போடுவதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு விரலைவிடக் கொஞ்சம் நீளமான சதுரக் கட்டை. அதன் முனையில் மூலைக்கு மூலை இரண்டு பென்சில் கோடு. கோடுகள் சந்திக்கிற இடத்தில் ஆணி முனையால் ஒரு குத்து. டிரில் மெஷினில் மாட்டுகிற துளைக் கம்பி, நீ பிட்டு என்பாயே, அது அந்தக் குழியில் இறங்க வேண்டும். கட்டையை இடுக்கியில் நிறுத்தியதும் மூலைமட்டத்தை அதன் ஓரத்தில் ஒட்டி வைத்துப் பார்க்கச் சொன்னாய். இரண்டுக்கும் நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் கட்டை சாய்ந்து நிற்கிறது என்று அர்த்தம். அப்படிச் சாய்ந்த கட்டையில் மேலே நடுவில் இறங்குகிற துளை, அடியில் ஓரமாகப் போய் நிற்கும். அவசரப்பட்டு அழுத்தினாலும், மரம் எந்தப் பக்கம் இளக்கமோ அந்தப் பக்கம் பிட்டு ஒதுங்கிவிடும். கொஞ்சம் இறக்கி, தூக்கி, தூளைத் தட்டி, சூடு ஆறவிட்டு, மறுபடி இறக்க வேண்டும். ஒரேயடியாக அடிவரை துளைக்கவும் கூடாது, வெளியே வருகிற இடத்தில் மரம் பிளந்துவிடும். அடியில் கொஞ்சம் மிச்சம் விட்டு நிறுத்தி, மூடியிருக்கிற அந்த முனையை ரம்ப வாளால் அறுத்து எடுத்தால்தான் துளை கண்ணில் படும். நேராக வந்ததா, கோணலா என்பது அந்த அறுப்பில்தான் தெரியும். பிறகு பித்தளைக் குழாயில் பசை தடவி உள்ளே சொருகுவேன். அறுப்பும் சொருகலும் என் வேலை. இந்த வீட்டில் துளையின் யோக்கியதையை முதலில் பார்க்கிறவள் நான்தான்.

முதல் கட்டைக்கு, புதிதாக எதை ஆரம்பித்தாலும் வைக்கிற மாதிரி, மேல் முனையில் துளி குங்குமம் வைத்தேன். "பேனாவுக்கும் பொட்டாம்மா?" என்று சிரித்தாய். ஆனால் எது மேல், எது கீழ் என்று தெரிய அது வசதியாக இருந்தது. அதனால் எல்லாக் கட்டைக்கும் வைக்க ஆரம்பித்தோம். நீ பொட்டு இருக்கிற முனையை ஒரு பார்வை பார்ப்பாய், துளை நடுவில் இருக்கும், லேத்தில் மாட்டிவிடுவாய். மறு முனையைத் திருப்பிப் பார்த்ததே இல்லை. அம்மா போட்ட துளைதானே என்ற தைரியம் உனக்கு. பேனாவோடு பெட்டிக்குள் வைக்கிற சின்னச் சீட்டில், துளை அம்மா, கடைசல் மகன் என்று மலையாளத்தில் அச்சடித்து வைத்தாய். அந்தச் சீட்டில் ஒன்றை எடுத்து என் பர்ஸில், உன் அப்பாவின் ஃபோட்டோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ஹோட்டலில் அத்தனை வருஷம் நறுக்கியிருக்கிறேன், யாரும் வெங்காயம் இன்னார் என்று எழுதி வைத்ததில்லை. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. அந்தப் பெருமையை விட மனம் இல்லாமல்தான் இவ்வளவு கெட்ட காரியமும் செய்தேன்.

கண் எப்போது மங்க ஆரம்பித்தது என்று எனக்குத் திட்டமாகத் தெரியாது. பல்பைச் சுற்றி வளையம் தெரிந்தது. பஸ் போர்டை வாசிக்க முடியவில்லை, கூட நிற்பவர்களிடம் கேட்டு ஏறினேன். பென்சில் கோடுகள் இரட்டையாகத் தெரிந்தன. அது பெரிய பாதகமாக இல்லை, ஆணி குத்திய குழியை விரலால் தடவியே கண்டுபிடிக்க முடிந்தது. அதனால் மேல் முனையில் துளை எப்போதும் நடுவில்தான் இருந்தது. ஆனால் மூலைமட்டத்துக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கிற வெளிச்சத்தை விரலால் தடவிப் பார்க்க முடியாதே. நான் உற்று உற்றுப் பார்ப்பேன், எல்லாம் பால் கலந்த தண்ணீராகத் தெரியும். சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பிட்டை இறக்குவேன். முதல் தடவை முனையை அறுத்துவிட்டு நகத்தால் தடவியபோது, ஒரு பக்கம் மரம் தடிப்பாகவும் மறு பக்கம் காகிதம் போலவும் இருந்தது. அந்தக் கட்டையை அடுப்பில் போட்டேன். இரண்டாவதையும் போட்டேன். மூன்றாவது கோணலாக வந்தபோது, அந்த முனை முழுக்கப் பசையும் மரத்தூளும் குழைத்துப் பூசினேன். பித்தளை வளையம் ஓரமாக நிற்பது சட்டென்று தெரியாது. மேல் முனையில் பொட்டு வைத்தேன். நீ வந்து எடுத்துக்கொண்டு போனாய். அன்றைக்கு அந்தப் பேனா எப்படியோ தப்பித்துவிட்டது, எனக்குத் துளிர்விட்டுப் போயிற்று.

கண் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பாய். அதுதான் எனக்குப் பயம். ஆபரேஷன் என்று மூன்று மாதம் உட்கார வைப்பார்கள், அதற்குள் துளை போட வேறொரு ஆளைப் பிடிப்பாய், அந்தப் பெண்ணோ பையனோ என்னைவிட நன்றாகப் போடுவார்கள், பிறகு நான் மறுபடி துணி துவைத்துக்கொண்டு உன் பின்னால் நடக்க வேண்டியதுதான். இப்படி ஒரு கணக்கு. கேட்டால் உனக்கே சிரிப்பு வரும். சின்னப் பிள்ளை மிட்டாயைக் கைக்குள் மூடிக்கொள்வது போல அந்த வேலையை நான் மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தக் கல்யாண ஆர்டர் வந்தது. நீ சேச்சி என்று கூப்பிடுகிற அடுத்த தெரு அம்மாள் வீட்டு முற்றத்தில் நின்ற பலாவை ஷெட் கட்டுவதற்காக வெட்டிவிட்டார்கள். அவர் மகள் ஊஞ்சல் கட்டி ஆடிய மரம். அந்த மரத்திலேயே எண்பது பேனா செய்து, மகள் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. நல்ல மரமாக வந்ததை அறுத்துக் காயவைத்து எடுத்தபோது தொண்ணூறு கட்டை சரியாகத் தேறியது. தொண்ணூற்றொன்றாவது கட்டைக்கு மரம் கிடையாது என்று நீ ஆரம்பத்திலேயே என்னிடம் சொன்னாய். நான் பழவங்காடியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து வேலையை ஆரம்பித்தேன். கண்ணை மறைத்துவிட்டுத் தேங்காய் உடைத்தவளுக்கு அவரும் என்ன செய்வார்.

நீ முதல் கட்டையை மாட்டினாய். மெஷின் கொஞ்சம் அதிகமாக உதறியது, பழைய மெஷின் என்று நினைத்தாய். சதுரம் உருண்டு, ஒல்லியாகி வருகிற நேரத்தில் டப்பென்று சத்தம். ஒரு பக்கம் மரம் பிய்ந்து போய், உள்ளே பித்தளை பளிச்சென்று தெரிந்தது. "சாரமில்ல" என்றாய். அடுத்ததை மாட்டினாய். பால் பொங்கி வழிந்தாலும், பஸ் போனாலும், மழையில் துணி நனைந்தாலும் உன் வாயில் வருவது பரவாயில்லை என்கிற அந்த ஒரே சொல்தான். அன்றைக்கு நான் அடுக்களையில் நின்று ஒவ்வொரு டப்பையும் ஒவ்வொரு சாரமில்லவையும் கேட்டேன். உளியைத் தீட்டினாய். வேகத்தைக் குறைத்தாய். நிற்கிற நிலையை மாற்றிப் பார்த்தாய். நாள் போகப் போகச் சொல்வதையும் நிறுத்திவிட்டாய், டப் சத்தம் மட்டும் கேட்டது. கோணல் துளையில் எந்த உளி என்ன செய்யும். மிச்சக் கட்டைகளை நான் அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ராவும் பகலும் நினைத்தேன், நிறுத்தவில்லை.

சேச்சி வந்தபோது நாற்பத்தாறு பேனா தயாராக இருந்தது, நாற்பத்துமூன்று உடைந்து கிடந்தது, ஒரு கட்டை கடையாமல் மிச்சம் இருந்தது. அவர் கோபப்படவே இல்லை. உடைந்த ஒன்றைக் கையில் எடுத்து, "மோனே, ஈ மரம் இனி எவிடுன்னு கிட்டும்?" என்று மட்டும் கேட்டார். அந்த மரம் இனி எங்கே கிடைக்கும். நீ தலையைக் குனிந்துகொண்டு, "என்டெ கை பிழச்சு சேச்சி" என்றாய். உன் கை பிசகிவிட்டது என்று என் எதிரிலேயே சொன்னாய். நான் அவருக்குக் கொடுக்கச் சாயாவோடு பின்னால் நின்றுகொண்டிருந்தேன். துளை அம்மா என்று அச்சடித்த சீட்டுகள் மேசையில் கட்டாக இருந்தன. சாயாவைக் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன். அவர் முன்னால் நான் பேசியது அவ்வளவுதான்.

அவர் போன பிறகு நீ இரண்டு கையையும் விரித்து என் முன்னால் நீட்டினாய். "அம்மா, பாரு, கை நடுங்குதா?" என்று கேட்டாய். உன் அப்பாவுக்குக் கடைசி வருஷங்களில் கை நடுங்கியது உனக்கு ஞாபகம் வந்திருக்கும். நான் உன் கைகளைப் பிடித்தேன். என் கண்ணுக்கு உன் விரல்களே சரியாகத் தெரியவில்லை. ஆனால் பிடித்த கைக்குத் தெரியும் அல்லவா. கல்லாக நின்றது மக்ளே உன் கை. அதைச் சொல்லாமல், "லேசா நடுங்குது மக்ளே, கொஞ்ச நாள் சும்மா இரு" என்றேன். அந்த நிமிஷத்தில் நான் தப்பித்தேன். இத்தனைக்கும் நான் தப்பிக்கத் தேவையே இல்லை, உன்னிடம்தானே நின்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீ பட்டது. டாக்டரிடம் போனாய், ஒன்றும் இல்லை என்றார், நீ நம்பவில்லை. பெற்ற தாய் சொன்னதுதான் உனக்குப் பெரிதாக இருந்தது. சாயா குடிப்பதை விட்டாய். சாப்பிடும்போது தம்ளரைத் தூக்கிப் பிடித்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாய். பட்டறையில் அறுப்பு மெஷின் பக்கம் போகப் பயந்தாய், பலகை சுமக்கிற வேலைக்கு மாறினாய், பிறகு அதையும் விட்டாய். "என் கைக்கு இது ஆகாதும்மா" என்றாய். இப்போது மஸ்கட்டில் ஏதோ குடோனில் பெட்டி ஏற்றி இறக்கப் போகிறாய். கண்ணாடி மாதிரி மரத்தை இழைத்தவன் பெட்டி தூக்கப் போகிறான், அம்மா சொன்ன ஒரு சொல்லுக்காக.

மறைப்பது எனக்கு இது முதல் தடவையும் இல்லை. உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உனக்குப் பிளஸ் டூ பரீட்சை. லேசான காய்ச்சல், வந்துவிடுவார் என்று தினமும் உன்னிடம் சொல்லி அனுப்பினேன். கடைசிப் பரீட்சை முடிந்து நீ வந்து கட்டில் பக்கத்தில் நின்றபோது அவருக்குப் பேச்சு நின்றிருந்தது. அவர் உன்னைத் தேடினார் என்பதையும் நான் இன்றுவரை சொன்னதில்லை. "அவன் எப்ப வருவான்?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தார். நீ என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்றைக்கும் சாரமில்லம்மா என்றுதான் சொன்னாய். பிள்ளையின் நல்லதுக்காகச் செய்தேன் என்று நானும் என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டேன். உனக்கென்று ஒரு பெண் வருவாள். அவளிடம் நீ எதையும் மறைக்காதே, நல்லதுக்கு என்று சொல்லிக்கூட மறைக்காதே. உன்னிடம் யாராவது அப்படி மறைத்தால் சாரமில்ல என்று விட்டுவிடாதே, உட்கார வைத்துக் கேள். நீ என்னை அன்றைக்கு உட்கார வைத்துக் கேட்டிருந்தால் நான் திருந்தியிருப்பேனோ என்னவோ. பார், இப்போதும் பழியில் கொஞ்சத்தை உன் பக்கம் தள்ளப் பார்க்கிறேன்.

போன மாதம் கொதிக்கிற கஞ்சியை நான் கையில் ஊற்றிக்கொண்ட அன்றுதான் உனக்கு என் கண் விஷயம் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று என்னைத் திட்டினாய், ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனாய், உட்கார வைத்து நேரம் தவறாமல் சொட்டு மருந்து விட்டாய். சொட்டு விடும்போது உன் கை என் கண்ணுக்கு நேர் மேலே நிற்கும். ஒரு சொட்டு கூடக் கன்னத்தில் விழுந்ததில்லை. கட்டு அவிழ்த்த பிறகு அந்தக் கையை நான் தெளிவாகப் பார்த்தேன். இவ்வளவு நேராக நிற்கிற கையையா பழித்தேன் என்று மனம் அடித்துக்கொண்டது. நீ ஃபோன் பேச வெளியே போன ஒரு மதியம், கட்டிலுக்கு அடியில் நீ வைத்திருந்த அட்டைப் பெட்டியை இழுத்தேன். உடைந்த நாற்பத்துமூன்றையும் நீ எறியாமல் வைத்திருக்கிறாய். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தேன். எல்லாமே அடி முனையில் உடைந்திருந்தன. பொட்டு இருந்த முனையில் உடைந்தது ஒன்றுகூட இல்லை. உளி பிசகினால் எங்கேயும் உடையும், மேலேயும் உடையும், நடுவிலும் உடையும். எங்கேயோ நாலைந்துக்காவது உன் உளி காரணமாக இருக்கும் என்று ஒரு நப்பாசையில் இருந்தேன். அதுவும் போயிற்று. பெட்டி அங்கேயே இருக்கிறது, என் பேச்சை நம்பாதே, நீயே வரிசையாக வைத்துப் பார்.

அன்றிலிருந்து மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன். சொல்வதற்கு முன்னால் எனக்கு அழுகை வந்துவிடும். நீ ஊருக்குப் போவதற்காக அழுகிறேன் என்று நினைத்து என் தோளைப் பிடித்துக்கொள்வாய். "கரயாதேம்மா, ரெண்டு வருஷம் ஓடிப் போயிடும்" என்பாய். தப்புச் செய்தவளை நீ சமாதானப்படுத்தினால் நான் எங்கே போய்ச் சொல்வது. மூன்றாவது தடவை எனக்குப் பழம்பொரி வாங்கிக்கொண்டு வந்தாய். அதையும் தின்றேன்.

உண்மை தெரிந்த பிறகு நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், போகாதே மக்ளே. நெடுமங்காட்டுக்காரருக்கு ஃபோன் செய்து லேத் விற்கவில்லை என்று சொல். அந்த நாற்பத்துமூன்றும் யார் வேலை என்று சேச்சி வீட்டுக்குப் போய் நானே சொல்லுகிறேன், பட்டறை முதலாளியிடமும் நானே வந்து சொல்லுகிறேன், நீ வாசலில் நின்றால் போதும். இல்லை, உனக்கு இந்த வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை, என் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால், போ. உன் பெட்டியை நானே கட்டித் தருகிறேன். ஆனால் உன் கை கெட்ட கை என்று நினைத்துக்கொண்டு மட்டும் விமானம் ஏறாதே. அம்மா கெட்டவள் என்று நினைத்துக்கொண்டு ஏறு. அது பாரம் இல்லை, ஒரு நாள் இறக்கி வைத்துவிடலாம். கையை எங்கே இறக்கி வைப்பாய்.

காலையில் நீ போனதும் சேச்சி வீட்டுப் பலாவில் மிச்சம் இருந்த அந்த ஒற்றைக் கட்டையை எடுத்தேன். கோடு போட்டேன், ஒற்றைக் கோடாகத் தெரிந்தது. ஆணியால் குத்தினேன். இடுக்கியில் நிறுத்தி மூலைமட்டத்தை ஒட்டி வைத்துக் குனிந்து பார்த்தேன். ஒரு பக்கம் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. அதைப் பார்க்க முடிந்ததே எனக்கு அழுகையாக வந்தது. கட்டையை மெல்லத் தட்டித் தட்டி அந்த வெளிச்சம் போகும்வரை நிறுத்தினேன். நான்கு பக்கமும் பார்த்தேன். பிறகு நீ சொன்னபடியே கொஞ்சம் இறக்கி, தூக்கி, தூள் தட்டி, ஆறவிட்டு, மறுபடி இறக்கினேன். அரை மணி நேரம் எடுத்தது. அடியில் மிச்சம் விட்டு நிறுத்தினேன். குங்குமம் வைக்கவில்லை.

மூடியிருக்கிற முனையை நான் அறுக்கவில்லை. வாளைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்துவிட்டேன். அறுத்துக் கோணலாக இருந்தால், மறுபடி பசையும் தூளும் தேடிப் போவேனோ என்று என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. இனி இந்த வீட்டில் என் துளையை முதலில் பார்க்கிறவன் நீயாக இருக்க வேண்டும். கட்டையையும் வாளையும் இந்தக் கடிதத்தின் மேலேயே வைத்திருக்கிறேன். வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அதை அறு. அறுக்கும்போது வாளைப் பார், நான் போட்டிருக்கிற அறுப்புக் கோட்டை விட்டு அது விலகுகிறதா, உன் கை நடுங்குகிறதா என்று பார். பிறகு முனையைத் திருப்பிப் பார். நேராக இருந்தால் கடைந்து பார், லேத் நாளைக் காலை வரை நம்முடையதுதான். கோணலாக இருந்தால் என்னைக் கூப்பிடு, நான் அடுக்களையில்தான் இருப்பேன். திட்டு, கத்து, தட்டை எடுத்து எறி, எது வேண்டுமானாலும் செய். சாரமில்ல என்று மட்டும் சொல்லாதே.

அம்மா